பழைய ஃபோர்ட்ரான் நிரலகங்களில் உண்மையில் பழையது எது?

அறிவியல் மென்பொருள் எழுதும் பலர், தாங்கள் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியைத் தொட்டதே இல்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் புள்ளியியலுக்கான ஆர் மொழியில் எல்எம் என்ற சார்பை அழைத்து ஒரு நேரியல் மாதிரியைப் பொருத்துகிறவர், 1979இல் வெளிவந்த லின்பேக் என்ற நேரியல் இயற்கணித நிரலகத்தின் (ஆயத்தத் துணைநிரல்களின் தொகுப்பு) ஒரு துணைநிரலைச் சற்றே திருத்திய வடிவத்தில் இயக்கிக்கொண்டிருக்கிறார். பைத்தானில் சைபை என்ற அறிவியல் நிரலகம் வழியாகத் தொகையீடு செய்தவர்களுக்கு நெடுங்காலம் விடை தந்தது, 1983இல் நூலாக வெளியான குவாட்பேக். மீச்சிறு வர்க்கப் பொருத்தத்துக்கு அர்கான் ஆய்வகத்தின் மின்பேக்கும், வகையீட்டுச் சமன்பாடுகளுக்கு லிவர்மோர் ஆய்வகத்தின் ஓடிஇபேக்கும் அவ்வாறே உள்ளே இருந்து உழைத்தன. மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருள் பிறந்ததே லின்பேக்கையும், ஐகன் மதிப்புகளுக்கான ஐஸ்பேக்கையும் எளிதாக அழைப்பதற்கான முகப்பாகத்தான். 2000ஆம் ஆண்டில்தான் அது, அவ்விரண்டுக்கும் பதிலாக வந்த லாபேக்குக்கு மாறியது.

இத்தகைய நிரலகங்களைப் பராமரிக்கும் பொறுப்பு கைக்கு வரும்போது, முதலில் எழும் எண்ணம் இவற்றை ஒரு புதிய மொழியில் மாற்றி எழுதிவிடலாம் என்பதுதான். அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. சில இடங்களில் அதுவே சரியான முடிவு. ஆயினும், பழையது என்று நாம் ஒட்டுமொத்தமாக ஒதுக்கும் நிரலில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் கலந்திருக்கின்றன என்பதை உணராமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒன்று, கணக்கீட்டின் அறிவு. அது பெரும்பாலும் மூப்படையவில்லை. மற்றொன்று, அந்த நிரல் தன்னைச் சுற்றியுள்ள உலகத்தைப் பற்றி வைத்திருந்த அனுமானங்கள்: எந்திரத்தின் எண்வரம்பு, நினைவகத்தின் அளவு, ஒரு நேரத்தில் ஒரே கணக்குதான் ஓடும் என்ற நம்பிக்கை, அழைப்பவரும் ஃபோர்ட்ரானில்தான் எழுதுவார் என்ற நம்பிக்கை. காலாவதியானவை இந்த அனுமானங்களே. முதலாவதைக் காப்பாற்றிக்கொண்டு இரண்டாவதைக் களைவதுதான் வேலை. இரண்டும் ஒரே வரிக்குள் பின்னிக் கிடப்பதால்தான் அது கடினமாகிறது.

மின்பேக்கில் உள்ள ஈநார்ம் என்ற சிறிய சார்பு இதற்கு மிக நல்ல சான்று. ஒரு திசையனின் நீளத்தைக் கணக்கிடுவதுதான் அதன் பணி. உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் போதுமே என்று தோன்றும். இன்றைய மொழிகளில் அது ஒரே வரி. ஆனால் ஈநார்ம், உறுப்புகளை மிகச் சிறியவை, நடுத்தரமானவை, மிகப் பெரியவை என்று பிரித்து, மூன்று தனித்தனிக் கூட்டுத்தொகைகளை வைத்துக்கொள்கிறது. ஓர் உறுப்பு 10இன் 155ஆம் அடுக்கு அளவுக்குப் பெரிதாக இருந்தால், நீளம் முற்றிலும் இயல்பான எண்ணாக இருக்கும்போதே அதன் வர்க்கம் இரட்டைத் துல்லிய எண்ணின் (கணினி 64 பிட்டுகளில் வைக்கும் பின்ன எண்) எல்லையைத் தாண்டிவிடும். அந்த விபத்தைத் தடுக்கவே இத்தனை ஏற்பாடும். பிரிக்கும் எல்லைகளாக அந்தச் சார்பு கொண்டிருக்கும் மாறிலிகளுள் பெரியது 1.304 பெருக்கல் 10இன் 19ஆம் அடுக்கு. இதை வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 1.7 பெருக்கல் 10இன் 38ஆம் அடுக்கு வரும். வேக்ஸ் போன்ற அக்கால எந்திரங்களில் இரட்டைத் துல்லிய எண் அந்த அளவோடு முடிந்துவிடும் வடிவமும் உண்டு. எழுதியவர்கள், தாம் அறிந்த எல்லாக் கணினிகளிலும் பாதுகாப்பாக இயங்கும் எல்லையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இன்றைய ஐஇஇஇ தரநிலை எண்களுக்கு அந்த எல்லையை வெகுவாக விரிக்கலாம்; ஆகவே அந்த எண் பழையது. மூன்றாகப் பிரிக்கும் அமைப்போ பழையதன்று. அதை ஒரே வரியாகச் சுருக்குகிறவர் நிரலை எளிமைப்படுத்தவில்லை, அதன் தரத்தைக் குறைக்கிறார். லாபேக் குழுவினர் 2021இல் வெளியிட்ட 3.10 பதிப்பில் இதே பணியைச் செய்யும், பிளாஸ் என்ற அடிப்படைத் திசையன், அணிக் கணக்குத் தொகுப்பின் துணைநிரலைப் புதிய ஃபோர்ட்ரானில் திருத்தி எழுதியபோதும், அளவுக்கேற்பப் பிரித்துக் கூட்டும் வழியையே மேற்கொண்டார்கள்.

குவாட்பேக்கில் இன்னொரு வகை அறிவு இருக்கிறது. ஒரே தொகையீட்டைக் குறைவான புள்ளிகளாலும் அதிகப் புள்ளிகளாலும் கணக்கிடும் அதன் காஸ்–குரோன்ராட் விதிகள் தரும் இரண்டு விடைகளின் வேறுபாட்டை அப்படியே பிழை மதிப்பீடாகக் கொடுத்துவிடுவதில்லை. அந்த வேறுபாட்டை 200ஆல் பெருக்கி, சார்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஓர் அளவால் வகுத்து, 1.5ஆம் அடுக்குக்கு உயர்த்திப் பிறகே பயன்படுத்துகிறது. 200 என்ற எண்ணும் 1.5 என்ற அடுக்கும் எந்தத் தேற்றத்திலிருந்தும் நேரடியாக வருவன அல்ல, அனுபவத்தால் அமைந்தவை. வெறும் வேறுபாடு பெரும்பாலும் உண்மையான பிழையை மிகையாகக் காட்டும் என்பதால், மதிப்பீட்டை நடைமுறைக்கு நெருக்கமாக்கும் திருத்தம் அது. காரணம் தெரியாமல் பார்க்கிறவருக்கு அது ஒரு விசித்திரமான வரியாகவே தெரியும். எடுத்துவிட்டால் எந்தச் சோதனையும் உடனே தோல்வியடையாது. தேவைக்கு மேல் இடைவெளிகளைப் பிளந்துகொண்டு நிரல் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். இத்தகைய சேதம் கண்ணில் படாமலே பல ஆண்டுகள் நீடிக்கக்கூடியது என்பதால், எனக்கு மற்றெல்லாவற்றையும்விட இதைப் பற்றியே அதிகக் கவலை.

ஆர் மொழியின் நிலையும் இதை ஒட்டியதே. லின்பேக்குக்குப் பதிலாக லாபேக் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், நேரியல் மாதிரிக்கு அவர்கள் ஏன் இன்னும் பழைய துணைநிரலையே வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் துணைநிரல், ஏறக்குறைய ஒன்றையொன்று சார்ந்திருக்கும் நெடுவரிசைகளை மட்டும் இறுதிக்குத் தள்ளிவிட்டு, மற்றவற்றைப் பயனர் கொடுத்த வரிசையிலேயே விட்டுவைக்கிறது. லாபேக்கின் நெடுவரிசை மாற்றும் துணைநிரலோ நீளத்தை வைத்து எல்லாவற்றையும் இடம் மாற்றும். எண்கணிதக் கண்ணோட்டத்தில் பிந்தையது வலுவானது. ஆனால் தன் மாதிரியில் எந்த மாறி முதலில் வந்தது என்பதைப் பொருட்படுத்தும் புள்ளியியலாளருக்கு முந்தையதே வேண்டும். புதியதால் பழையதை ஈடுசெய்யும்போது, இரண்டும் ஒரே கணக்கைத்தான் தீர்க்கின்றனவா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி, உண்மையிலேயே காலாவதியான பகுதிக்கு வருகிறேன். அவற்றில் முதன்மையானது, நிரல் தன் நிலையை எங்கே வைத்திருக்கிறது என்பது. ஃபோர்ட்ரான் 77இல் துணைநிரல்கள் தமக்குள் செய்தி பகிர்ந்துகொள்ள இருந்த வசதியான வழி காமன் தொகுதி; அழைப்புகளுக்கு இடையே மதிப்பைக் காப்பாற்ற இருந்த வழி சேவ் கூற்று. இரண்டும் முழு நிரலுக்கும் பொதுவான ஒரே நினைவிடத்தைப் பயன்படுத்துகின்றன. ஓடிஇபேக்கின் எல்சோடா என்ற துணைநிரல், தன் படிநீளத்தையும் வரிசையெண்ணையும் காமன் தொகுதிகளில் வைத்திருப்பதால், இரண்டு சமன்பாட்டுத் தொகுதிகளை மாறி மாறி முன்னகர்த்தினால் ஒன்றின் நிலை மற்றொன்றை அழித்துவிடும். அதை எழுதியவர்கள் இதை அறிந்தே, காமன் தொகுதிகளைச் சேமித்து மீட்கும் துணைநிரல்களையும் உடன் வழங்கினார்கள். ஒரே இழையில் (தனித்து ஓடும் கட்டளை வரிசை) இயங்கிய காலத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது. பல இழைகள் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும் இன்றைய நிலையில் அந்த ஏற்பாடு உதவாது.

ஆர்பேக் இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. ஐகன் மதிப்புகளைக் காணும் அந்த நிரலகம், பயனரின் சார்பை அழைப்பதே இல்லை. அணியை ஒரு திசையனால் பெருக்க வேண்டிய நேரத்தில் கட்டுப்பாட்டை அழைத்தவரிடமே திருப்பித் தந்து, பெருக்கிக்கொண்டு மீண்டும் வா என்று ஒரு குறியெண்ணால் தெரிவிக்கிறது. பிற மொழிகளோடு இணைப்பதற்கு இதைவிட இணக்கமான வடிவமைப்பைப் பழைய நிரலகங்களில் காண்பது அரிது. எனினும் அதன் உள்ளே இருக்கும் துணைநிரல்கள் இடைப்பட்ட நிலையைச் சேவ் மாறிகளில் வைத்திருந்ததால், சைபை தன் பைத்தான் பகுதியில் ஒரு பூட்டை வைத்து, ஒரு கணக்கு முடியுமுன் மற்றொன்று நுழையாமல் தடுக்க வேண்டியிருந்தது. வெளியமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளே இருக்கும் ஒற்றை அனுமானம் முழுவதையும் கட்டிப்போட்டுவிடும்.

குவாட்பேக்கில் சிக்கல் வேறு திசையிலிருந்து வருகிறது. பயனர் கொடுக்கும் சார்பு ஒரே ஒரு எண்ணை மட்டுமே பெற முடியும். அதனுடன் வேறு தரவு எதையும் அனுப்பும் வழி இல்லை. சி அல்லது பைத்தானிலிருந்து அழைக்கிறவர் தன் தரவை எங்காவது பொது இடத்தில் வைத்துவிட்டு, சார்பு அதைத் தேடி எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். இரட்டைத் தொகையீட்டில் உள்தொகையீடு வெளித்தொகையீட்டின் நடுவிலேயே நடைபெறுவதால், அந்தப் பொது இடத்தை ஒவ்வொரு மட்டத்திலும் காத்து மீட்க வேண்டும். நிரலின் கணக்கீட்டைத் தொடாமல், சார்பை அழைக்கும் இடங்களில் மட்டும் ஒரு கூடுதல் அளபுருவை (சார்புக்குத் தரும் மதிப்பு) சேர்த்துக் கீழே கடத்துவதே தூய்மையான தீர்வு. ஃபோர்ட்ரான் 2003 தரநிலை கொண்டுவந்த சி இணைப்பு வசதிகள் இதைத் தரநிலைக்கு உட்பட்டே செய்ய இடம் தருகின்றன. பழைய நிரலுக்கு மேல் மெல்லிய புதிய ஃபோர்ட்ரான் உறை ஒன்றைப் போட்டு, அந்த உறையை மட்டும் சி மொழிக்குக் காட்டுவது என் வழக்கம். துணைநிரலின் பெயருக்குப் பின்னால் அடிக்கோடு சேருமா சேராதா என்று, மூலநிரலை எந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பிகள் ஒவ்வொன்றுக்கும் ஊகித்துக்கொண்டிருப்பதை அது ஒரேயடியாக நீக்கிவிடுகிறது.

அந்த ஊகங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதை 2019இல் பலரும் கண்டார்கள். லாபேக் துணைநிரல்கள் பல, மேல்முக்கோணமா கீழ்முக்கோணமா என்பது போன்ற தெரிவுகளை ஒற்றை எழுத்தாகப் பெறுகின்றன. ஃபோர்ட்ரான் தொகுப்பிகள் அந்த எழுத்துச் சரத்தின் நீளத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் அளபுருவாக இறுதியில் சேர்த்து அனுப்பும். சியில் எழுதியவர்கள் பல பத்தாண்டுகளாக அந்த நீளத்தை அனுப்பாமலே அழைத்துவந்தார்கள். துணைநிரல் அதைப் படிக்காததால் எந்தத் தீங்கும் நேரவில்லை. பிறகு ஜிசிசி தொகுப்பி, ஒரு துணைநிரலின் கடைசிச் செயல் மற்றோர் அழைப்பாக இருக்கும்போது அதே அடுக்கு நினைவிடத்தை மீண்டும் பயன்படுத்தும் மேம்பாட்டைச் செய்யத் தொடங்கியது. அனுப்பப்படாத நீளத்துக்குரியதாகத் தொகுப்பி எண்ணிய இடத்தில் அழைத்தவரின் வேறு தரவு இருந்ததால் அது சிதைந்தது. தொகுப்பி தரநிலைப்படிதான் நடந்தது. ஜிசிசி ஒரு தற்காலிகத் தெரிவைச் சேர்த்தது. ஆர் திட்டம் தன் தலைப்புக் கோப்புகளைத் திருத்தி நீளங்களை முறைப்படி அனுப்பத் தொடங்கியது. அவ்வளவு காலம் ஓடியது என்பது, ஒரு நிரல் சரியானது என்பதற்கான சான்றாகாது.

முழு எண்ணின் அகலமும் இப்படிப்பட்ட மறைந்த எல்லைதான். 32 இருமங்கள் (பிட்டுகள்) கொண்ட முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. ஓர் அணியை எளிய பகுதிகளாகப் பிரிக்கும் ஒருமை மதிப்புக் கூறாக்கத்துக்கான லாபேக் துணைநிரல்களுள் வேகமான ஒன்று, திசையன்களையும் சேர்த்துக் கேட்கும்போது, சதுர அணியின் பக்க அளவின் வர்க்கத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட பணியிடத்தைக் கோருகிறது. அப்படியென்றால் அணியின் அளவு 23,170ஐ நெருங்கும்போதே அந்தப் பணியிடத்தின் நீளத்தைச் சொல்லவே எண் போதாது. அவ்வளவு பெரிய அணி நினைவகத்தில் எளிதாக அடங்கும் காலம் இது. 64 இரும முழு எண்களோடு தொகுத்த நிரலகமும் 32 இரும நிரலகமும் ஒரே செயல்முறைக்குள் ஏறினால், ஒரே பெயர்கொண்ட துணைநிரல்கள் மோதிக்கொள்ளும் என்பதால், முந்தையவற்றின் பெயர்களுக்குப் பின்னொட்டுச் சேர்க்கும் வழக்கத்தைத் தயங்காமல் பின்பற்ற வேண்டும்.

சிறியவையாகத் தோன்றும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட்ரானின் பழைய நிலைத்த வடிவக் கோப்பில், வரியின் 72ஆம் கட்டத்துக்கு அப்பால் உள்ள எழுத்துகளைத் தொகுப்பி வாய்திறக்காமல் விட்டுவிடும். தானியங்கித் திருத்தங்களுக்குப் பிறகு இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். வரிசையின் நீளத்தை 1 என்று அறிவித்துவிட்டு அதற்கு அப்பாலும் பயன்படுத்தும் பழைய வழக்கு, எல்லைச் சோதனையை இயக்கியவுடன் பொய்யான பிழைகளைக் கொட்டும். அந்த 1ஐ நட்சத்திரக் குறியாக மாற்றுவது பாதுகாப்பான திருத்தம். எந்திரத்தின் துல்லியத்தைச் சுழற்சிகளால் கண்டறிந்த பழைய லாபேக் துணைநிரல், மேம்பாட்டுத் தெரிவுகளோடு தொகுத்தால் முடிவில்லாமல் சுழலக்கூடும் என்பதால் அதைத் தனியாகத் தொகுத்தார்கள். இன்று மொழியே அந்த மதிப்புகளைத் தருவதால் அந்தச் சுழற்சிகளுக்கு வேலையில்லை. பிழை நேர்ந்தால் திரையில் ஒரு செய்தியை எழுதிவிட்டு முழு நிரலையும் நிறுத்திவிடும் கூற்றுகளை, திரும்பத் தரும் குறியெண்களாக மாற்றாமல் எந்த நிரலகத்தையும் வெளியிடக் கூடாது.

இவற்றையெல்லாம் தொடுவதற்கு முன் சோதனைகள் வேண்டும். எத்தகைய சோதனை என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். பழைய விடையும் புதிய விடையும் கடைசி இருமம் வரை ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண். தொகுப்பி ஒரு பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்தாலே விடையின் கடைசி இலக்கங்கள் மாறிவிடும். மறுபுறம், தளர்வான ஒரு வேறுபாட்டு எல்லையை வைத்து, தோல்வி வரும்போதெல்லாம் அதை மேலும் தளர்த்திக்கொண்டே போவதும் சோதனையாகாது. லாபேக்கின் சோதனைத் தொகுப்பு நல்ல வழி காட்டுகிறது. விடையைச் சமன்பாட்டில் மீண்டும் இட்டு வரும் எச்சத்தை, அணியின் அளவாலும் எந்திரத் துல்லியத்தாலும் வகுத்து, அந்த விகிதம் 30 போன்ற ஒரு வரம்புக்குள் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. கணக்கின் இயல்பிலிருந்தே வரும் அளவுகோல் என்பதால், எந்திரம் மாறினாலும் அது பொருள் இழப்பதில்லை.

வகையீட்டுச் சமன்பாடுகளுக்கு நான் தவறாமல் வைப்பது ராபர்ட்சனின் வேதிவினைக் கணக்கு. அதன் வினைவேக மாறிலிகள் 0.04, 10,000, 3 கோடி என்று வெகுவாக வேறுபடுவதால் அது கடும் விறைப்புடையது, அதாவது மிக வேகமான மாற்றங்களும் மிக மெதுவான மாற்றங்களும் கலந்தது. மூன்று செறிவுகளின் கூட்டுத்தொகை எப்போதும் 1ஆக இருக்க வேண்டும் என்பதால் சரிபார்க்கவும் எளிது. விடையோடு நின்றுவிடாமல், எத்தனை படிகள் எடுத்தது, சார்பை எத்தனை முறை கணக்கிட்டது என்ற எண்ணிக்கைகளையும் பதிவுசெய்ய வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். விடை ஏறக்குறைய ஒத்திருந்து படிகளின் எண்ணிக்கை கணிசமாக மாறியிருந்தால், உள்ளே ஏதோ ஒரு முடிவெடுக்கும் இடம் மாறிவிட்டது என்று பொருள். மேலே சொன்ன 200 போன்ற மாறிலிகள் தொலைந்துபோவதை இந்த எண்ணிக்கைகளே காட்டிக்கொடுக்கும். தோல்வியடைய வேண்டிய கணக்குகளும் தொகுப்பில் இருக்க வேண்டும். பூச்சியத்திலிருந்து ஒன்று வரை எக்ஸின் தலைகீழியைத் தொகையிடச் சொன்னால் விடை கிடையாது. குவாட்பேக் அதற்கு ஒரு பிழைக்குறியைத் தர வேண்டும். மாற்றி எழுதிய நிரல் அங்கே நம்பிக்கையான ஓர் எண்ணைத் தந்தால் அதை ஏற்கவே கூடாது.

பிறகே மொழி பற்றிய கேள்வி. 1990இல் பெல் ஆய்வகத்தினர் உருவாக்கிய எஃப்டுசி போன்ற கருவிகள் ஃபோர்ட்ரான் 77ஐத் தானாகவே சியாக மாற்றித் தரும். ஃபோர்ட்ரான் தொகுப்பி இல்லாத இடத்தில் நிரலைக் கட்டுவதற்கு அது உண்மையான உதவி. ஆனால் அப்படி வெளிவந்த சி நிரலை இனி இதுவே மூலம் என்று வைத்துக்கொண்டு கையால் திருத்தத் தொடங்குவதை நான் ஏற்கவில்லை. அதில் ஃபோர்ட்ரானின் எல்லாப் பழைய அனுமானங்களும் அப்படியே இருக்க, படிப்பவருக்கு உதவிய அமைப்பு மட்டும் போய்விடுகிறது. சைபை திட்டம் செய்துவருவது வேறு. 2019இல் ஃபூரியர் உருமாற்றத்துக்கான எஃப்எஃப்டிபேக்கை விட்டுப் பாக்கெட்எஃப்எஃப்டிக்கு மாறியது தொடங்கி, ஒவ்வொரு பழைய நிரலகத்தையும் புரிந்துகொண்டு, கையால் எழுதி அல்லது தகுந்த மாற்றைத் தேர்ந்து, படிப்படியாக விலக்கி வருகிறார்கள். மைக்ரோசாஃப்டின் சி தொகுப்பியோடு ஃபோர்ட்ரான் தொகுப்பி வருவதில்லை என்பதும், 2020 நவம்பரில் ஆப்பிளின் புதிய செயலி வெளிவந்தபோது அதற்கான ஜிஃபோர்ட்ரான் (ஜிசிசியின் ஃபோர்ட்ரான் தொகுப்பி) முறையான வெளியீட்டில் இருக்கவில்லை என்பதும் அவர்களுக்கு நேர்ந்த உண்மையான தடைகள். அத்தனை தளங்களுக்கும் கட்டிக்கொடுக்க வேண்டியவர்களின் முடிவு நியாயமானதே.

அந்தக் கட்டாயம் இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம். பழைய ஃபோர்ட்ரானைப் புதிய ஃபோர்ட்ரானாக மாற்றலாம். சுட்டெண்கள் ஒன்றிலிருந்தே தொடங்கும், அணிகள் நெடுவரிசை வாரியாகவே நினைவகத்தில் இருக்கும். ஆகவே வேறு மொழிக்குப் போகும்போது மிகுதியாகப் பிழை நுழையும் இரண்டு வாயில்களும் மூடியே இருக்கின்றன. துணைநிரல்களைத் தொகுத்து வைக்கும் மாட்யூல்கள் வந்தால் அளபுருக்களின் வகையைத் தொகுப்பியே சரிபார்க்கும். எந்த அளபுரு உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்பதை அறிவிக்கலாம். ஒரு வரியிலிருந்து நேரே வேறொரு வரிக்குக் குதிக்கும் கோ-டூ தாவல்களைச் சுழற்சிகளாக ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சோதனைகளை ஓட்டலாம். எந்தக் கட்டத்திலும் நிரல் இயங்கும் நிலையிலேயே இருக்கும் என்பதுதான் இதன் பெரிய பயன். எல்எல்விஎம் குடும்பத்தின் ஃபிளாங் தொகுப்பி வளர்ந்துவருவதால், தளங்கள் பற்றிய தடையும் முன்புபோல் இல்லை.

எந்த வழியானாலும், இந்த நிரலகங்களைச் சேமித்து வழங்கும் நெட்லிப் தளத்திலிருந்து எடுத்த மூலக் கோப்பை மாற்றாமல் தனியே வைத்து, நம் திருத்தங்களை அதன்மேல் தனித்தனிப் பதிவுகளாக வைப்பது அவசியம். 1980களிலிருந்து எத்தனையோ திட்டங்கள் அதே கோப்பை எடுத்துத் தத்தம் தேவைக்குத் திருத்தியிருப்பதால், கையில் இருக்கும் பிரதி எது என்று தெரியாமல் ஒப்பிடுவதில் பொருளில்லை. உரிமத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். லாபேக்குக்கு எந்தத் தடையும் இல்லை, ஆனால் ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் வெளியான அல்காரிதம்கள் பலவற்றுக்கு வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் விதிகள் இருந்தன.

வேலையை எங்கே தொடங்குவது என்று கேட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகக் காமன் தொகுதிகளையும் சேவ் மாறிகளையும் நீக்குங்கள் என்றே சொல்வேன். 2024இல் வெளிவந்த பைத்தான் 3.13, ஒரு நேரத்தில் ஒரே இழையை மட்டும் ஓடவிடும் உலகளாவிய பூட்டு இல்லாமல் இயங்கும் ஒரு வடிவத்தைச் சோதனை நிலையில் தந்தது. அதுவரை அந்தப் பூட்டே பல பழைய நிரலகங்களை அவற்றின் சொந்த அனுமானங்களிலிருந்து காத்துவந்தது. ஒவ்வொரு நிரலகத்தையும் சுற்றித் தனிப் பூட்டுப் போட்டால் விடை சரியாக வரும். ஆனால் எத்தனை செயலி மையங்கள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு கணக்குதான் நகரும். நிலையை ஒரு தரவு அமைப்பில் தொகுத்து அளபுருவாகக் கீழே அனுப்பும் மாற்றமோ பெரும்பாலும் இயந்திரத்தனமானது. கணக்கீட்டு வரிகள் ஒன்றையும் தொடாதது என்பதால், அதற்குப் பிறகு படிகளின் எண்ணிக்கையும் ஒத்தே இருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் எங்கே தேடுவது என்பதும் தெளிவாக இருக்கும்.